தரவுக்கு மேல் எழுதப்படும் தரவு: மீதரவு ஓர் எளிய அறிமுகம்

ஓர் ஏரியின் நீர் வெப்பநிலையை நான்கு ஆண்டுகள் நாள்தோறும் அளந்து பதிவுசெய்த கோப்பு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோப்பின் பெயர் ‘இறுதி_புதியது_2’. திறந்து பார்த்தால் ஐந்து பத்திகள் தெரிகின்றன. அவற்றின் தலையில் ‘நாள்’, ‘டி1’, ‘டி2’, ‘ஆழம்’, ‘கு’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. முதல் வரியில் உள்ள தேதி 03/04/2019. சில வரிகளில் வெப்பநிலை −999 என்று பதிவாகியிருக்கிறது. அளந்தவருக்கு இதில் எதுவும் புதிரில்லை: டி1 காலை அளவு, டி2 மாலை அளவு, −999 என்றால் அன்று கருவி வேலை செய்யவில்லை. மற்றவர்களுக்கோ அந்தத் தேதி மார்ச் 4-ஆ ஏப்ரல் 3-ஆ என்பதுகூடத் தெரியாது. எண்களை அப்படியே கூட்டிச் சராசரி கண்டால், கோடையில்கூட ஏரி உறைநிலைக்கு வெகு கீழே போயிருக்கும்.

கோப்பை உருவாக்கியவர் பக்கத்தில் இருக்கும்வரை இது பெரிய சிக்கல் இல்லை. ஐயம் எழுந்தால் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அவர் வேறு பணிக்குச் சென்றுவிடலாம், அவருடைய மின்னஞ்சல் முகவரி மாறிவிடலாம், அல்லது அவருக்கே மறந்துபோகலாம். நானே தயாரித்த ஒரு விரிதாளை மூன்று ஆண்டுகள் கழித்துத் திறந்து, ‘கு’ என்றால் குறிப்பா, குறைபாடா, குறுக்களவா என்று அரைநாள் விழித்திருக்கிறேன். 2014-இல் ‘கரண்ட் பயாலஜி’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, 2 முதல் 22 ஆண்டுகள் வரை பழமையான 516 ஆய்வுக் கட்டுரைகளின் மூலத் தரவைத் தேடிப் பார்த்தது. கட்டுரை வெளிவந்து ஒவ்வோர் ஆண்டு கழியும்போதும், தரவு கைவசம் இருப்பதற்கான சாத்திய விகிதம் 17 விழுக்காடு குறைந்துகொண்டே வந்ததாக அது கண்டறிந்தது. கோப்பு அழிந்தால் மட்டும்தான் தரவு இழப்பு என்பதில்லை. கோப்பு பத்திரமாக இருந்தும், அது எங்கே இருக்கிறது, யாருடையது, எதைச் சொல்கிறது என்பது தெரியாமல் போனாலும் இழப்பு இழப்புதான்.

இந்த இழப்பைத் தடுக்கத் தரவோடு சேர்த்து எழுதிவைக்கும் விவரமே மீதரவு. மெட்டாடேட்டா என்ற சொல்லையே பலரும் புழங்குகிறார்கள். இது இரண்டு அடுக்காக அமைகிறது. கோப்பைத் திறந்தபின் தேவைப்படுவது உள்ளடுக்கு: எந்தப் பத்தி எதைக் குறிக்கிறது, அலகு எது, விடுபட்ட மதிப்பு எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பன போன்றவை. இவை வழக்கமாகத் தரவோடு வைக்கும் ரீட்மீ என்ற விளக்கக் கோப்பிலோ, பத்திகளின் பொருளைப் பட்டியலிடும் தரவு அகராதியிலோ இருக்கும். கோப்பைத் திறப்பதற்கு முன்பே, அதாவது அப்படியொரு கோப்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கும், அதைத் தன் கட்டுரையில் மேற்கோள் காட்டுவதற்கும் ஒருவருக்குத் தேவைப்படும் விவரம் மேலடுக்கு. இந்தக் கட்டுரை மேலடுக்கைப் பற்றியது. உள்ளடுக்கு முக்கியமில்லை என்பதல்ல காரணம்; மேலடுக்கு சரியாக இல்லையென்றால் உள்ளடுக்கு வரைக்கும் யாரும் வந்துசேரவே மாட்டார்கள்.

ஏன் தரப்படுத்த வேண்டும்?

விவரம் எழுதுவதுதான் நோக்கம் என்றால் ஒரு பத்தி உரைநடையாக எழுதிவிட்டால் போதாதா என்ற கேள்வி எழலாம். மனிதர் ஒருவர் படிப்பதற்கு அது போதும். சொல்லப்போனால் பல நேரங்களில் அதுவே சிறந்தது. ஆனால் தரவுத்தொகுப்பை முதலில் படிப்பது மனிதர் அல்ல, தேடுபொறி. ‘இதை 2023-இல் வெளியிட்டோம், அளவீடுகள் 2019 முதல் 2022 வரையிலானவை’ என்ற வாக்கியத்தில் எது வெளியீட்டு ஆண்டு, எது அளவீட்டுக் காலம் என்பதை நாம் ஒரு நொடியில் பிரித்துவிடுகிறோம். பல கோடிப் பதிவுகளை வரிசைப்படுத்தும் நிரலுக்கு அதையே பிழையின்றிச் செய்ய வேண்டுமானால், வெளியீட்டு ஆண்டுக்கு ஒரு புலம் (விவரத்தை நிரப்பும் கட்டம்), அளவீட்டுக் காலத்துக்கு இன்னொரு புலம் என்று தனித்தனியாக இருக்க வேண்டும். அந்தப் புலங்களின் பெயரும் பொருளும் எழுதும் முறையும், தரவை வைத்திருந்து வழங்கும் எல்லாக் களஞ்சியங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த உடன்பாட்டையே மீதரவுத் தரம் என்கிறோம்.

இவற்றுள் எளிமையானதும் பரவலாக அறியப்பட்டதும் டப்ளின் கோர். பெயரைப் பார்த்து அயர்லாந்தின் தலைநகரை நினைக்க வேண்டாம். 1995-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டப்ளின் என்ற ஊரில் நடந்த பட்டறையில் பிறந்ததால் வந்த பெயர் அது. தலைப்பு, உருவாக்கியவர், பொருள், விவரிப்பு, வெளியீட்டாளர், தேதி, வகை, மொழி, உரிமை என்று மொத்தம் 15 கூறுகள். எல்லாம் விருப்பத்துக்குரியவை; ஒவ்வொன்றையும் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். பின்னர் இது ஐஎஸ்ஓ 15836 என்ற பன்னாட்டுத் தரமாகவும் ஆனது. இதன் எளிமையே இதன் வலிமை. தரவுத்தொகுப்பு என்று வரும்போது அதே எளிமைதான் இதன் குறையும். ‘தேதி’ என்ற ஒரே கூற்றில் அளந்த நாளையும் எழுதலாம், வெளியிட்ட நாளையும் எழுதலாம், திருத்திய நாளையும் எழுதலாம். எழுதியவர் எதை எண்ணி எழுதினார் என்பது படிப்பவருக்குத் தெரியாது.

தரவை மேற்கோள் காட்டுவதையே மையமாகக் கொண்டு எழுந்த தரம் டேட்டாசைட் அமைப்பினுடையது. நூலகங்களும் ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து 2009-இல் தொடங்கிய இந்த அமைப்பு, தரவுத்தொகுப்புகளுக்கு டிஓஐ என்ற நிலையான அடையாளக் குறியை வழங்குவதற்கு வழிசெய்கிறது. அடையாளக் குறி வேண்டுமானால் குறிப்பிட்ட மீதரவைத் தந்தே ஆக வேண்டும் என்பது அதன் விதி. தொடக்கநிலையில் இருப்பவருக்கு இந்த ஒரு தரத்தைப் புரிந்துகொண்டால் போதும் என்பது என் கருத்து. மற்றவை பெரும்பாலும் இதன் உறவினர்களாகவே தோன்றும்.

மேற்கோளுக்குத் தேவையான ஆறு

டேட்டாசைட் நான்காம் பதிப்பின் அமைப்பில் கட்டாயமானவை ஆறே ஆறு: அடையாளக் குறி, உருவாக்கியவர், தலைப்பு, வெளியீட்டாளர், வெளியீட்டு ஆண்டு, வளத்தின் வகை. ஏன் இந்த ஆறு என்பது, தரவை மேற்கோள் காட்டும் வரியை எழுதிப் பார்த்தால் தானாக விளங்கிவிடும்:

உருவாக்கியவர் (2023). தலைப்பு. பதிப்பு 2. வெளியீட்டாளர். தரவுத்தொகுப்பு. டிஓஐ முகவரி.

பதிப்பு எண்ணைத் தவிர மற்ற ஆறும் அந்தக் கட்டாயப் புலங்களிலிருந்து எடுத்து அடுக்கப்பட்டவைதாம். களஞ்சியத்தின் பக்கத்தில் ‘மேற்கோள்’ என்ற பொத்தானைச் சொடுக்கினால் வரும் வரியை அங்கே யாரும் கையால் எழுதிவைக்கவில்லை; நீங்கள் நிரப்பிய புலங்களை நிரல் கோத்துத் தருகிறது. அதனால் புலத்தில் செய்த பிழை, அந்தத் தரவைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரின் கட்டுரையிலும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அடையாளக் குறியிலிருந்து தொடங்குவோம். டிஓஐ எப்போதும் 10 என்ற எண்ணும் ஒரு புள்ளியுமாகத் தொடங்கும். அதையடுத்து வழங்குபவரைக் குறிக்கும் எண், பிறகு ஒரு சாய்கோடு, அதன்பின் அந்தத் தொகுப்புக்கே உரிய பகுதி. காட்டாக, 10.5281 என்ற முன்னொட்டு, ஐரோப்பிய அணுக்கரு ஆராய்ச்சி மையமான செர்ன் 2013-இல் தொடங்கிய ஸெனோடோ களஞ்சியத்தைக் குறிக்கும். சாதாரண இணைய முகவரிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இணைய முகவரி, கோப்பு இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. இடம் மாறினால் பொய்த்துப்போகிறது. டிஓஐ, கோப்பு எது என்பதைச் சொல்கிறது. அது இருக்கும் இடம் தனியே ஒரு பதிவேட்டில் இருக்கிறது. களஞ்சியம் தன் தளத்தையே மாற்றிக்கொண்டாலும், பதிவேட்டில் உள்ள முகவரியை மட்டும் திருத்திவிட்டால் பழைய கட்டுரைகளில் அச்சான டிஓஐ அனைத்தும் புதிய இடத்துக்கே அழைத்துச் செல்லும். இதில் மந்திரம் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதிவேட்டை யாராவது திருத்தினால்தான் இது நடக்கும். அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட களஞ்சியத்தில் தரவை ஒப்படைப்பதுதான் நிலைத்தன்மைக்கு அடிப்படை. சொந்தத் தளத்தில் கோப்பைப் போட்டுவைத்து ‘என் பக்கத்தில் கிடைக்கும்’ என்று எழுதுவதை மேற்கோளாகக் கருத முடியாமல் போவதும் இதனால்தான்.

டிஓஐயைச் சொடுக்கினால் கோப்பு நேரடியாக இறங்குவதில்லை என்பதும் புதியவர்களைக் குழப்புவதுண்டு. அது தொகுப்பின் அறிமுகப் பக்கத்துக்குப் போகும். மீதரவு அங்கே இருக்கும், கோப்புக்கான இணைப்பும் அங்கே இருக்கும். ஏதோ ஒரு காரணத்தால் தரவைத் திரும்பப் பெற நேர்ந்தாலும், பக்கம் மட்டும் நடுகல் போல நிற்க வேண்டும். இன்ன தொகுப்பு இங்கே இருந்தது, இன்ன காரணத்தால் நீக்கப்பட்டது என்று அது சொல்ல வேண்டும். நடைமுறையில் அதைக் கல்லறைப் பக்கம் என்றே அழைக்கிறார்கள்.

உருவாக்கியவர் என்ற புலத்தில் வரும் தொல்லை பெயர்களின் தொல்லை. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். ஒரே ஆள் ஒரு கட்டுரையில் முழுப் பெயரும் இன்னொன்றில் முதலெழுத்துமாக எழுதியிருப்பார். குடும்பப் பெயர் என்பதே இல்லாத பெயர் முறைகளும் உலகில் பல உண்டு. ஆகவே குடும்பப் பெயர், இட்ட பெயர் என்று பிரித்து எழுதுவதை டேட்டாசைட் கட்டாயமாக்கவில்லை, முழுப் பெயரை ஒரே புலத்தில் எழுதினாலும் ஏற்கும். எந்தப் பெயர் எந்த ஆளுடையது என்ற ஐயத்தைத் தீர்க்க, 2012-இல் தொடங்கப்பட்ட, ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியே வழங்கப்படும் ஆர்க்கிட் எண்ணைப் பெயரோடு சேர்த்துத் தருவது நல்லது. நான்கு நான்காகப் பிரித்து எழுதப்படும் 16 இலக்கங்கள் அவை. கடைசி இலக்கம் மற்ற பதினைந்திலிருந்து கணக்கிடப்படும் சோதனைக் குறி. எண்ணைத் தட்டும்போது ஓரிடத்தில் தவறினால் நிரல் அதை உடனே கண்டுபிடித்துவிடும். சிலருடைய எண் எக்ஸ் என்ற எழுத்தில் முடிவதும் இந்தக் கணக்கினால்தான். நிறுவனங்களுக்கு இதுபோன்ற எண்ணை 2019 முதல் ரோர் என்ற பதிவேடு வழங்குகிறது. கோப்பைப் பதிவேற்றியவரும் உருவாக்கியவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அளவீடு செய்தவர், கருவியைப் பராமரித்தவர், தரவைச் செம்மைப்படுத்தியவர் என்று பலரின் உழைப்பு அதில் இருக்கும். மேற்கோள் வரியில் வராதவர்களுக்குப் ‘பங்களித்தவர்’ என்ற புலம் உண்டு, அவரவர் பங்கு என்ன என்பதையும் அதில் குறிக்கலாம். இந்தப் புலத்தை வெறுமையாக விடுவது எனக்குச் சிறு அநீதியாகவே படுகிறது.

வெளியீட்டாளர் என்பதும் வெளியீட்டு ஆண்டு என்பதும் எளியவை போலத் தோன்றினாலும் அதிகம் தவறுவது இவற்றில்தான். வெளியீட்டாளர் என்றால் தரவை வைத்திருந்து வழங்கும் களஞ்சியம். உங்கள் கட்டுரையை வெளியிட்ட இதழ் அல்ல. வெளியீட்டு ஆண்டு என்றால் தொகுப்பு பொதுவில் கிடைக்கத் தொடங்கிய ஆண்டு. அளவீடு செய்த ஆண்டு அல்ல. நம் ஏரித் தரவுக்கு வெளியீட்டு ஆண்டு 2023. 2019 முதல் 2022 வரையிலான காலத்தை எழுதுவதற்குத் ‘தேதி’ என்ற வேறு புலம் இருக்கிறது, அங்கே ‘சேகரித்தது’ என்ற வகையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். தேதியை எழுதும்போது ஐஎஸ்ஓ 8601 முறையில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2019-04-03 என்று எழுதினால், தொடக்கத்தில் பார்த்த மார்ச்-ஏப்ரல் குழப்பத்துக்கு இடமே இல்லை.

வளத்தின் வகை மிகச் சிறிய புலம்: தரவுத்தொகுப்பு, மென்பொருள், படம், உரை என்று தரப்பட்ட பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

தலைப்புக்கு வருவோம். ‘வெப்பநிலைத் தரவு’ என்று தலைப்பிட்டால், உலகில் உள்ள பல்லாயிரம் வெப்பநிலைத் தரவுகளோடு அது கலந்துவிடும். ‘பின்னிணைப்பு 3’ என்பது இன்னும் மோசம். எந்தக் கட்டுரைக்கு மூன்றாவது பின்னிணைப்பு என்பதைத் தலைப்பு சொல்வதில்லை. ‘இன்ன ஏரியின் மேற்பரப்பு நீர் வெப்பநிலை: நாளொன்றுக்கு இரு அளவீடுகள், 2019–2022’ என்று ஏரியின் பெயரோடு எழுதினால், என்ன அளந்தீர்கள், எங்கே, எவ்வளவு நெருக்கமாக, எந்தக் காலத்தில் என்ற நான்கு கேள்விகளுக்கும் அந்த ஒரு வரியே விடை தந்துவிடுகிறது. கட்டுரையின் தலைப்பையே தரவுக்கும் வைத்துவிடும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. கட்டுரை ஒரு முடிவைச் சொல்கிறது. தரவோ அந்த முடிவுக்கு மட்டும் சொந்தமானதல்ல, நாளை வேறொருவர் வேறொரு கேள்வியோடு வந்து அதைத் தேடக்கூடும். தலைப்பை ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் தர விரும்பினால், மொழிபெயர்த்த தலைப்பு என்று குறித்து இன்னொன்றைச் சேர்க்க முடியும்.

தேடலுக்கு உதவுபவை

ஆறு கட்டாயப் புலங்களும் ஒரு தொகுப்பைச் சரியாகச் சுட்டுவதற்குப் போதும். ஆனால் உங்கள் பெயரும் தலைப்பும் முன்பே தெரிந்தவருக்குத்தான் அவை உதவும். அப்படியொரு தரவு இருப்பதே தெரியாமல், ‘ஏரி நீர் வெப்பமடைதல்’ என்று தட்டச்சு செய்து தேடுபவர் உங்களிடம் வந்துசேர வேண்டுமானால் வேறு புலங்கள் வேலை செய்ய வேண்டும். டேட்டாசைட் ‘பரிந்துரைக்கப்படுபவை’ என்று சொல்லும் பொருள், விவரிப்பு, தேதி, இடம், தொடர்புடைய அடையாளம் ஆகியவை அவை. கட்டாயம் இல்லை என்பதாலேயே பெரும்பாலோர் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இவற்றுள் முதலிடம் விவரிப்புக்குத்தான். கூகுள் 2018-இல் அறிமுகப்படுத்திய தரவுத்தொகுப்புத் தேடல், இணையப் பக்கங்களில் ஸ்கீமா.ஆர்க் என்ற பொதுச் சொற்கோவையின்படி குறிக்கப்பட்ட தொகுப்புகளைப் படித்து அட்டவணையிடுகிறது. அதற்குப் பெயரும் விவரிப்பும் கட்டாயம், விவரிப்பு 50 முதல் 5000 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். களஞ்சியங்கள் பலவும் நீங்கள் நிரப்பும் படிவத்திலிருந்தே இந்தக் குறிப்புகளைத் தாமாக உருவாக்கித் தம் பக்கத்தில் பதித்துவிடுகின்றன. எனவே விவரிப்பில் நீங்கள் எழுதிய சொற்களே தேடுபொறிக்குக் கிடைக்கும் சொற்கள். ‘எங்கள் கட்டுரையில் பயன்படுத்திய தரவு. விவரங்களுக்குக் கட்டுரையைப் பார்க்கவும்’ என்று எழுதினால் ஏரி என்ற சொல்லே அதில் இல்லை. பிறகு எப்படி அகப்படும்?

நம் ஏரித் தரவுக்கு நான் எழுதக்கூடிய விவரிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘இன்ன ஏரியின் நடுப்பகுதியில் மிதவையில் பொருத்திய உணரியால், மேற்பரப்பிலிருந்து 0.5 மீட்டர் ஆழத்தில், நாள்தோறும் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பதிவுசெய்த நீர் வெப்பநிலை, செல்சியஸ் அலகில். காலம்: 2019 ஏப்ரல் முதல் 2022 டிசம்பர் வரை. உணரி பழுதான நாட்கள் −999 என்று குறிக்கப்பட்டுள்ளன. 2020-இல் உணரி ஒருமுறை மாற்றப்பட்டது, மாற்றிய நாள் ரீட்மீ கோப்பில் உள்ளது. ஒரே புள்ளியில் எடுத்த அளவீடு என்பதால் ஏரி முழுவதன் சராசரியாக இதைக் கொள்ள இயலாது.’ கடைசி வாக்கியத்தைக் கவனிக்க வேண்டும். தரவு எதற்குப் பயன்படாது என்று சொல்லும் வாக்கியம், எதற்குப் பயன்படும் என்று சொல்லும் வாக்கியத்தைவிடப் பல நேரங்களில் மதிப்பு மிக்கது. தேடி வந்தவர் கோப்பை இறக்கி, ஒரு வாரம் உழைத்து, அதன்பின் ஏமாறுவதை அது தவிர்க்கிறது.

பொருள் என்ற புலம் குறிச்சொற்களுக்கு உரியது. இங்கே மனம்போன போக்கில் சொற்களைத் தூவுவதைவிட, அந்தத் துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட சொற்பட்டியல் ஏதேனும் இருந்தால் அதிலிருந்து எடுப்பது நல்லது. மருத்துவத் துறைக்கு அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் மெஷ், வேளாண்மைக்கும் உணவுக்கும் ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பின் அக்ரோவாக் போன்றவை இருக்கின்றன. ஒருவர் ‘மாரடைப்பு’ என்கிறார், இன்னொருவர் ‘இதயத்தசை இறப்பு’ என்கிறார். பட்டியல் இரண்டையும் ஒரே கருத்தின் கீழ்க் கொண்டுவந்து அதற்கு ஒரு குறியீட்டையும் தந்துவிடுவதால், எந்தச் சொல்லால் தேடினாலும் ஒரே இடத்துக்கு வந்துசேரலாம். அக்ரோவாக்கைப் போல ஒவ்வொரு கருத்துக்கும் பல மொழிச் சொற்களைத் தாங்கி நிற்கும் பட்டியல்களில், மொழி வேறுபட்டாலும் குறியீடு ஒன்றே.

இடத்தைக் குறிக்க ஊர்ப் பெயர், ஒரு புள்ளி, அல்லது நான்கு எல்லைகளால் ஆன ஒரு பெட்டி எதுவானாலும் தரலாம். அகலாங்கையும் நெட்டாங்கையும் இடம் மாற்றி எழுதிவிடுவது இங்கே அன்றாடப் பிழை. நிலத்தில் இருந்த ஏரி கடலுக்குள் போய்விடும். இரண்டும் விடுபட்டுச் சுழியமாகப் பதிவானால் ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாவில் ஒரு புள்ளியில் போய் நிற்கும். அந்தப் புள்ளியில் தீவு எதுவும் இல்லை. ஆனாலும் உலகெங்கும் பிழையாகப் பதிவான தரவுகள் அங்கே குவிவதால், வரைபடக்காரர்கள் அதற்கு விளையாட்டாகச் ‘சுழியத் தீவு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எழுதியபின் ஒருமுறை வரைபடத்தில் வைத்துப் பார்த்துவிடுவது ஒரு நிமிட வேலை.

ஒரு புலத்துக்கு விடை உண்மையிலேயே தெரியவில்லை என்றால்? வெறுமையாக விட்டாலோ ஒரு கோடு போட்டாலோ, மறந்துவிட்டீர்களா, தெரியவில்லையா, பொருந்தவில்லையா என்று படிப்பவருக்குப் புரியாது. அதற்கென்றே டேட்டாசைட் தரத்தில் தனித்தனிக் குறியீடுகள் உண்டு: தெரியாது என்பதற்கு ஒன்று, பொருந்தாது என்பதற்கு ஒன்று, வெளியிட அனுமதி இல்லை என்பதற்கு ஒன்று, பின்னர் தரப்படும் என்பதற்கு ஒன்று. இல்லாமையையும் இத்தனை வகையாகப் பிரித்து எழுதலாம் என்று முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. −999-இல் ஒருமுறை தடுக்கி விழுந்தபின் வரவில்லை.

உரிமமும் அணுக்கமும்

தரவைக் கண்டுபிடித்தவர் அடுத்துக் கேட்கும் கேள்வி, ‘இதை நான் பயன்படுத்தலாமா?’ என்பது. உரிமம் எழுதப்படாத தரவை, சட்டத்துக்கு அஞ்சுபவர் தொடமாட்டார். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களுள் சிசி பை, பெயரைக் குறிப்பிட்டு எப்படியும் பயன்படுத்தலாம் என்கிறது. சிசி ஜீரோ, உரிமைகளையே விட்டுக்கொடுத்துவிடுகிறது. இரண்டில் எதைத் தேர்ந்தாலும், உரிமத்தின் பெயரோடு அதன் இணைய முகவரியையும் உரிமப் புலத்தில் எழுத வேண்டும். ‘ஆய்வுக்கு மட்டும் இலவசம்’ போன்ற சொந்தத் தயாரிப்பு வாக்கியங்களை நிரலும் புரிந்துகொள்ளாது, வழக்கறிஞரும் புரிந்துகொள்ளமாட்டார்.

எல்லாத் தரவையும் திறந்துவிட முடியாது என்பதும் உண்மைதான். நோயாளிகளின் விவரங்கள், அருகிவரும் உயிரினங்களின் இருப்பிடங்கள் போன்றவை மறைக்கப்பட வேண்டியவை. ஆனால் தரவை மூடிவைப்பதும் மீதரவை மூடிவைப்பதும் ஒன்றல்ல. 2016-இல் ‘சயன்டிபிக் டேட்டா’ இதழில் வெளியான ஃபேர் நெறிகள், தரவு கண்டறியத்தக்கதாகவும், அணுகத்தக்கதாகவும், பிறவற்றோடு இயைந்து செயல்படத்தக்கதாகவும், மறுபடி பயன்படுத்தத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. தரவு கிடைக்காமல் போனபின்னும் மீதரவு கிடைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பூட்டிய அறைக்குள் என்ன இருக்கிறது, சாவி யாரிடம், எந்த நிபந்தனையில் கிடைக்கும் என்பதைக் கதவில் எழுதி ஒட்டுவதற்குத் தடை எதுவும் இல்லை. எழுதும்போது மறைக்க வேண்டியதே விவரிப்பிலோ வரைபடப் புள்ளியிலோ கசிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

துறைக்குரிய தரங்கள்

பொதுவான தரத்துக்கு மேல் ஒவ்வொரு துறைக்கும் தனித் தரங்கள் உண்டு. உயிரினப் பதிவுகளுக்கு டார்வின் கோர், சமூக அறிவியல் கணக்கெடுப்புகளுக்கு டிடிஐ, புவியியல் தரவுக்கு ஐஎஸ்ஓ 19115, அரசுகளின் திறந்த தரவுப் பட்டியல்களுக்கு இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யு3சி அமைப்பு பரிந்துரைத்த டிகேட் என்று பட்டியல் நீளும். தொடக்கத்திலேயே இவை எல்லாவற்றையும் படித்து மலைக்க வேண்டியதில்லை. தரவை ஒப்படைக்கப்போகும் களஞ்சியம் எதைக் கேட்கிறதோ அதைத் தந்தால் போதும். எந்தத் துறைக்கு எந்தக் களஞ்சியம் என்று தெரியவில்லை என்றால் ரீ3டேட்டா என்ற பதிவேட்டில் தேடலாம். எக்ஸ்எம்எல், ஜேசன் போன்று நிரல்கள் படிப்பதற்கான வடிவங்களைக் கையால் எழுத வேண்டியிருக்குமோ என்ற அச்சமும் வேண்டாம். நீங்கள் நிரப்புவது ஒரு படிவம். மற்றதைக் களஞ்சியம் பார்த்துக்கொள்ளும்.

எப்போது எழுத வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கட்டுரை ஏற்கப்பட்டு, இதழ் தரவைக் கேட்டு, கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது உட்கார்ந்து எழுதும் மீதரவில், உணரி எந்த நாளில் மாற்றப்பட்டது என்பது நினைவுக்கு வராது. அளவீடு தொடங்கும் நாளிலேயே ஓர் எளிய உரைக் கோப்பைத் திறந்து, தலைப்பு, ஆட்கள், இடம், அலகு, கருவி, நடந்த மாற்றங்கள் என்று அன்றன்று ஒரு வரி எழுதிவந்தால், கடைசியில் படிவத்தை நிரப்புவது நகலெடுக்கும் வேலையாகிவிடும்.

வெளியிட்டபின்

வெளியிட்டதோடு வேலை முடிவதில்லை. மீதரவில் எழுத்துப்பிழை கண்டால் டிஓஐயை மாற்றாமலே திருத்திக்கொள்ளலாம். தரவிலேயே பிழை கண்டால் அப்படிச் செய்யக் கூடாது. பழைய எண்களை வைத்து ஒருவர் ஏற்கனவே கணக்கிட்டிருக்கக்கூடும், அவர் காட்டிய மேற்கோள் அவர் கண்ட எண்களுக்கே கொண்டுபோக வேண்டும். ஆகவே புதிய பதிப்பு, புதிய டிஓஐ. ஸெனோடோ போன்ற களஞ்சியங்களில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி டிஓஐ இருப்பதோடு, எல்லாப் பதிப்புகளையும் சேர்த்துக் குறிக்கும் பொது டிஓஐ ஒன்றும் உண்டு. கணக்கீட்டுக்குப் பயன்படுத்திய தரவை மேற்கோள் காட்டுபவர் பதிப்பின் டிஓஐயைத்தான் தர வேண்டும்; பொது டிஓஐ, நாளை புதிய பதிப்பு வந்தால் அதற்குப் போய்விடும்.

இந்தப் பதிப்புகளையும் கட்டுரைகளையும் ஒன்றோடொன்று கட்டுவது ‘தொடர்புடைய அடையாளம்’ என்ற புலம். வெறுமனே தொடர்பு உண்டு என்று சொல்லாமல், என்ன தொடர்பு என்பதையும் அது கேட்கிறது: இந்தத் தொகுப்பு அந்தக் கட்டுரையின் துணைப்பொருளா, அந்தத் தொகுப்பின் புதிய பதிப்பா, அதிலிருந்து பிரித்தெடுத்ததா, அதன் ஒரு பகுதியா? விடையை எழுதிவிட்டால், கட்டுரையிலிருந்து தரவுக்கும் தரவிலிருந்து கட்டுரைக்கும் நிரல்கள் தாமே பாலம் போட்டுக்கொள்ளும். கட்டுரையின் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. தரவும் கட்டுரையைப் போலவே முறையாக மேற்கோள் காட்டத்தக்க ஆய்வுப் பொருள் என்பதை ஃபோர்ஸ்11 குழுமம் 2014-இல் வெளியிட்ட தரவு மேற்கோள் நெறிகள் எட்டும் அடித்தளமாகக் கொண்டிருக்கின்றன; ஆகவே தரவின் டிஓஐயைக் கட்டுரையின் உடலில் அடைப்புக்குறிக்குள் சொருகிவிட்டுப் போகாமல், மற்ற மேற்கோள்களோடு மேற்கோள் பட்டியலில் எழுத வேண்டும். பட்டியலில் இருப்பதைத்தான் மேற்கோளை எண்ணும் அமைப்புகள் எளிதில் எடுத்துக்கொள்கின்றன.

தரவு வழக்கமாகக் கட்டுரைக்கு முன்பே களஞ்சியத்துக்குப் போய்விடுகிறது. அந்த நேரத்தில் கட்டுரைக்கு டிஓஐ இருப்பதில்லை, புலம் வெறுமையாகவே இருக்கும். கட்டுரை வெளிவந்த நாளில் களஞ்சியத்துக்குத் திரும்பிப் போய், அந்தப் புலத்தில் கட்டுரையின் டிஓஐயை ஒட்டி, ‘இதன் துணைப்பொருள்’ என்ற உறவைத் தேர்ந்து சேமிப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.